மொனராகலையில் அப்பாவின் இமைகள்

அன்று நடந்தவை, நடந்த வரிசையில்:

1. அக்காவுக்கு மாப்பிள்ளை வீடு பார்க்க மடுல்சீமையிலிருந்து மொனராகலைக்குப் போனோம்.
2. தட்டு மாற்றும் நேரத்தில் அப்பாவின் இமைகள் இறங்கின, நாக்குக் குழறியது.
3. அவர் குடித்திருக்கிறார் என்று மாப்பிள்ளை வீட்டார் முடிவுகட்டினார்கள்.
4. சரிசெய்கிறேன் என்று நான் எழுந்தேன்.

அப்போது நான் மருந்தாளர் பயிற்சி முடித்துப் பதுளையில் வேலைக்குச் சேர்ந்த புதிது. மலை மேல் எங்கள் தேயிலைத் தோட்ட லயத்து வீடுகளிலேயே மருந்து லேபிளை முழுதாக வாசிக்கத் தெரிந்தவள் என்ற தலைக்கனம் (கொஞ்சமில்லை, கொழுந்துக் கூடை நிறைய). அப்பாவுக்கு ஒரு வியாதி. கண்ணைத் திற என்று நரம்பு சொல்லும்; தசைக்கு அது சரியாக எட்டாது. அந்தச் செய்தி சீக்கிரம் கலைந்துவிடாமல் பிடித்துவைப்பதுதான் மாத்திரையின் வேலை. டாக்டர் சொன்ன நேரங்களை அட்டவணையாக்கிச் சுவரில் ஒட்டியிருந்தேன். மடுல்சீமையில் அது பிசகியதே இல்லை.

குளிரும் அதே வேலையைச் செய்யும், சூடு கெடுக்கும் என்று பரீட்சையில் எழுதி முழுப் புள்ளியும் வாங்கியவள் நான். பசறை தாண்டி பஸ் கீழே இறங்க இறங்க எல்லோரும் கம்பளிச் சட்டையைக் கழற்றினார்கள். நானும்தான் கழற்றினேன். அப்போதுகூட உறைக்கவில்லை. என் அட்டவணைக்குக் கிடைத்த புகழில் பாதி மடுல்சீமைக் குளிருடையது.

மொனராகலையில் தகரக் கூரை அனலாகக் கொதித்தது. அடுத்த மாத்திரைக்கு நேரம் இருக்கும்போதே அப்பாவின் கண்கள் செருகின. கேட்ட கேள்விக்கு மூக்கால் குழறினார். கள்ளைக்கூடத் தொடாத மனிதர். மாப்பிள்ளையின் பெரியப்பா வெற்றிலைத் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

“சம்பந்தி காலையிலேயே ஆரம்பிச்சிட்டாரு போல,” என்றார்.

அக்கா தலை நிமிரவில்லை. மாத்திரையை உடனே கொடுத்தேன். ஆனால் அது பிடிப்பதற்குள் தட்டு உள்ளே போய்விடும். தெருவில் ஐஸ் பழக்காரரின் மணி கேட்டது. ஓடினேன். அவரிடம் மிஞ்சியிருந்தது சிவப்புக் குச்சி ஐஸ் மட்டும். இரண்டு வாங்கிவந்து அப்பாவின் இமைக்கு ஒன்றாக வைத்து அழுத்தினேன். சாயம் கன்னத்தில் வழிந்து வெள்ளைச் சட்டையில் இறங்கியது.

“அடியே, ரத்தம் வருதுடி,” என்று அம்மா எழுந்துவிட்டார். பெரியப்பா இப்போது என்னைச் சந்தேகமாகப் பார்த்தார் (குடும்பமே குடிக்கிறது என்று நினைத்திருப்பார்).

“கொஞ்சம் பொறுங்க மாமா. அப்பறம் என்ன வேணும்னாலும் சொல்லுங்க,” என்றேன்.

ஐஸ் பழங்களை எடுத்தேன். இமைகள் மேலேறின. அப்பா பெரியப்பாவை நேராகப் பார்த்தார். நாக்கு இன்னும் திருந்தவில்லை. ஒவ்வொரு சொல்லாக வைத்தார்.

“குடி இல்லீங்க. வியாதி. எம் மக மருந்து படிச்ச புள்ள. அவளக் கேளுங்க.”

கேட்டார்கள். நரம்பு, தசை, குளிர், சூடு என்று நான் விளக்கிக்கொண்டிருக்கும்போதே ஐஸின் பலன் தீர்ந்து இமைகள் மறுபடி இறங்கின, அதையும் விளக்கினேன். கடைசியில் மாத்திரை பிடித்தது. தட்டு மாறியது. பிறகு, வெயில் ஊருக்குப் போகும் நாட்களுக்கென்று டாக்டர் வேறு நேரங்கள் குறித்துக் கொடுத்தார்.

அக்காவுக்கு இப்போது இரண்டு பிள்ளைகள். அங்கே எந்த விசேஷத்துக்குப் போனாலும், கண் செருகுகிற யாரையாவது பெரியப்பா என் முன்னால் கொண்டுவந்து உட்கார வைத்து, “ஐஸ் பழ டாக்டரம்மா, இவனப் பாருங்க” என்பார். பெரும்பாலும் வெறும் தூக்கம்தான். ஒரு லொறி டிரைவரை மட்டும் கையோடு பதுளை ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன். அவருக்கும் அப்பாவின் வியாதிதான். மாத்திரை சாப்பிடுகிறார், லொறி ஓட்டுவதை விட்டுவிட்டுக் கடை வைத்திருக்கிறார்.