அக்காவின் மேசைக்கு ஜப்பான் வைத்தியம்

முப்பத்தொரு வருடம் நான் அடுத்தவன் வீட்டுத் தீயை விசாரித்தவன். காப்புறுதிக் கம்பனியில் வேலை. கடை எரிந்தாலும் களஞ்சியம் எரிந்தாலும் இந்த நாகேந்திரத்தைத்தான் அனுப்புவார்கள். குனிந்து சாம்பலைப் பார்ப்பேன். "ஐயா, இது தானாகப் பிடித்த நெருப்பில்லை, நீங்கள் பிடிக்க வைத்த நெருப்பு" என்று முகத்துக்கு நேரே சொல்லிவிடுவேன். புதுக்கடை நீதிமன்றத்தில் பெரிய பெரிய லோயர்மார் என்னைக் குறுக்கு விசாரணை செய்து களைத்து, தேத்தண்ணி குடிக்கப் போயிருக்கிறார்கள்.

இதை நான் பெருமைக்காகச் சொல்லவில்லை. சரி, பெருமைக்காகத்தான் சொல்கிறேன். இந்தக் கதையில் நான் பெருமைப்பட இந்த ஒரு பந்திதான் இருக்கிறது.

வெள்ளவத்தையில் நாலாம் மாடியில் எங்கள் வீடு. உள்ளே இருப்பதெல்லாம் எங்களுடையது, சாப்பாட்டு மேசையைத் தவிர. அது என் அக்கா இரத்தினம்மாவின் தேக்கு மேசை. இருபத்தெட்டு வருடத்துக்கு முன் மெல்பேர்ணுக்குக் குடிபோகும்போது, பத்திரமாகப் பார்க்கச் சொல்லி விட்டுப் போனார். அன்றிலிருந்து போன் எடுத்தால் முதலில் மேசையின் சுகம் கேட்பார். பிறகு என் சுகம். நேரமிருந்தால் என் மனைவி சுபோதினியின் சுகம். மேசையில் கீறல் விழுந்தால் அது சுபோவின் குற்றம். விழாவிட்டால் அது தேக்கின் திறமை. "அவளுக்குச் சாமானின்ர அருமை தெரியாது" என்பது அக்காவின் தீர்ப்பு. அதற்கு மேன்முறையீடு கிடையாது. சுபோ வெளியில் சிரித்துக்கொள்வாள். உள்ளுக்குள் அது அவளுக்கு எவ்வளவு நோகும் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் நான் வாய் திறந்ததில்லை. அக்கா எனக்கும் அக்காதானே.

அந்த அக்கா ஞாயிற்றுக்கிழமை வருவதாக இருந்தது. வெள்ளிக்கிழமை காலை சுபோ தலை முழுகிவிட்டுக் கோயிலுக்கு வெளிக்கிட்டு நின்றாள்.

"இஞ்சாருங்கோ, இண்டைக்கு நீங்கள் ஒருக்கா சாம்பிராணி காட்டிவிடுங்கோ. நான் கோயிலுக்குப் போயிட்டு அப்பிடியே கொட்டாஞ்சேனைக்குத் தங்கச்சி வீட்டை போறன். பின்னேரம்தான் வருவன்."

"நானோ?"

"நீங்கள்தான். ஆனா அந்தச் சட்டியைக் கொண்டுபோய் மேசையில மட்டும் வைச்சுப்போடாதேங்கோ. அக்கா வாறா."

"நெருப்பைப் பற்றி எனக்குச் சொல்லித் தாறீரோ?"

"ஐயோ, உங்களுக்குச் சொல்லேலுமோ!" கதவடியில் செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னாள். "முன்வீட்டு ரிம்ஸான் தம்பி இண்டைக்கு வீட்டிலதானாம். ஏதும் அவசரமெண்டால் தட்டுங்கோ."

ரிம்ஸானுக்கு மருதானையில் தளபாடப் பட்டறை. கடைகளுக்கு உள்அலங்காரம் செய்பவன். போன கிழமைதான் ஹெவ்லொக் டவுனில் அவன் செய்து கொடுத்த ஒரு கோப்பிக் கடையின் படத்தை சுபோ எனக்குக் காட்டியிருந்தாள். மேசை, கதிரை, சுவர்ப் பலகை எல்லாம் கன்னங்கரேல்.

"எரிச்ச மரமாம். ஜப்பான் முறையாம். இப்ப இதுதான் ஃபாஷன்" என்றாள்.

"நான் எரிஞ்ச மரத்துக்கு நட்டஈடு வெட்டினவன். எனக்கு ஃபாஷன் காட்டுறீரோ?" என்றேன் நான்.

அவள் போனதும் சாம்பிராணிப் புகையோடு அறை அறையாக நடந்தேன். நல்ல கம்பீரமாகத்தான் இருந்தது. போன் அடித்தது. அக்கா. கையில் சட்டி. வைக்காதே என்று சொன்ன இடம்தான் என் கைக்கு எப்போதும் கிட்ட இருக்கும். வைத்தேன்.

"மேசை எப்பிடியடா?" என்றார் அக்கா.

"கல்லு மாதிரி இருக்கு அக்கா."

இருபது நிமிடம் கதைத்துவிட்டு வந்து சட்டியைத் தூக்கினேன். மேசையில் கிடந்த வெள்ளை லேஸ் விரிப்பில் கொஞ்சம் சாம்பல் கொட்டியிருந்தது. நல்ல காலம், விரிப்புக்கு ஒன்றும் ஆகவில்லை. உதறுவோம் என்று அதை எடுத்தேன். மேசை கருகியிருந்தது.

சட்டி வட்டம். ஆனால் கருகல் ஒரு பக்கம் அகலம், மறுபக்கம் கூர். வேறொருவன் என்றால் குழம்பியிருப்பான். மின்விசிறிக் காற்று சூட்டை ஒரு பக்கமாகத் தள்ளியிருக்கிறது என்று என் அனுபவம் உடனே சொல்லிவிட்டது.

பத்து நிமிடம் வியர்த்தேன். அதன் பிறகு ஞானம் பிறந்தது. மேசையில் ஒரு பக்கம் கருகினால் அது சேதம். முழுக்கக் கருகினால் அது ஜப்பான்! ஓடிப்போய் ரிம்ஸானின் கதவைத் தட்டினேன்.

அவன் வந்து கருகலைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். திரும்பி நின்று நீண்ட நேரம் இருமினான்.

"சாம்பிராணிச் சட்டியா அங்கிள்?"

"ஓம் தம்பி. காத்துக்குச் சூடு சாய்ஞ்சு போச்சு."

"ஆ... காத்து. சரிதான்." மறுபடியும் இருமினான். "இத மறைக்கேலா அங்கிள். முழுசா எரிக்கத்தான் வேணும்."

என் அதிர்ஷ்டத்தைப் பாருங்கள். நெருப்புச் சீறும் காஸ் டோர்ச், கம்பித் தூரிகை, எண்ணெய் எல்லாம் அன்றைக்கென்று அவன் வீட்டிலேயே இருந்தன. கால்களைக் கழற்றி, லிஃப்டில் ஏற்றி, மேசையை மொட்டைமாடிக்குக் கொண்டுபோனோம்.

"மொதல்ல பொலிஷ உரசி எடுக்கோணும். அப்படியே நெருப்பு வச்சா பொங்கி நாறும். நான் ஜும்மாவுக்குப் போயிட்டு வாரன், நீங்க உரசிட்டு இரிங்க."

உரசினேன். கொழும்பு வெயில், கடற்காற்று, அக்காவின் நினைவு. கை இரண்டும் கழன்றுவிடும்போல இருந்தது. ரிம்ஸான் வந்து டோர்ச்சைப் பற்றவைத்து என் கையில் தந்தான்.

"ஒரே இடத்துல நிக்கவாணாம் அங்கிள். மெதுவா நகத்துங்க. கரி வெடிச்சு முதலைத் தோல் மாதிரி வரும். அங்க நிப்பாட்டோணும்."

பிறகு கம்பித் தூரிகையால் மரத்தின் ரேகை போன போக்கில் தேய்த்தோம். மிருதுவான பாகமெல்லாம் கரியாக உதிர்ந்தது. வைரம் பாய்ந்த ரேகைகள் மட்டும் மேலே எழுந்து நின்றன. ஈரத்துணியால் துடைத்து எண்ணெய் பூசியதும் மேசை கறுப்புப் பட்டுப்போல மின்னியது. உண்மையைச் சொன்னால், சுற்றிச் சுற்றி வந்து அதைத் தடவிக்கொண்டே இருந்தேன். அத்தனை வருடம் நெருப்பு தின்றுவிட்டுப் போனதைத்தான் பார்த்திருக்கிறேன். நெருப்பில் ஒரு சாமான் அழகானதை அன்றுதான் பார்த்தேன்.

பின்னேரம் சுபோ வந்தாள். நான் ஜப்பானில் தொடங்கினேன். கரி பூசிய மரத்தைக் கறையான் அரிக்காது, ஈரம் அண்டாது என்று விளக்கினேன். பாதியில் அவள் கையை உயர்த்தினாள்.

"சட்டியை மேசையில வைச்சனீங்களோ?"

"...ஓம்."

அவள் ஒரு பெருமூச்சு விட்டாள். "சரி, நடந்தது நடந்துபோச்சு. அக்காவுக்கு ஆர் சொல்லுறது?"

"நான்தான்."

"முழுக்க உங்கட பிழை எண்டு சொல்லுவியளோ?"

"முழுக்க. வேணுமெண்டால் எழுதித் தாறன்."

"வேண்டாம். வாயால சொன்னாக் காணும்."

என்ன பெருந்தன்மை! ஒரு வார்த்தை ஏசவில்லை. அன்றிரவு எனக்குப் பிடித்த ஒடியல் கூழ் வேறு.

ஞாயிற்றுக்கிழமை அக்கா கைப்பையைக்கூட வைக்காமல் நேரே மேசையடிக்குப் போனார். நான் நெஞ்சை நிமிர்த்தி எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு என்னைக் கடந்து போய் சுபோவின் கையைப் பிடித்தார்.

"இருபத்தெட்டு வருசம் இந்த விசரனிட்ட இருந்து என்ர மேசையைக் காப்பாத்தி வைச்சிருந்திருக்கிறாய். ஒருநாள் நீ வெளியில போக எரிச்சுப்போட்டான். உன்னைத்தான் பிழையா நினைச்சிட்டன் பிள்ளை."

சுபோ அழுதுவிட்டாள். அது உண்மையான அழுகை. அக்காவும் அழுதார். எனக்கு அன்றிலிருந்து நான்கு நாள் மூன்று வேளையும் ஏச்சு. சாப்பாட்டோடு சேர்த்தே பரிமாறப்பட்டது.

வியாழக்கிழமை அக்கா யாழ்ப்பாண ரயில் ஏறினார். போகும்போது மேசையைச் சுபோவுக்கே கொடுத்துவிட்டார். அடுத்த நாள் காலை சுபோ அதே மேசையில் கம்பளி விரித்து என் சேட்டை மினுக்கிக்கொண்டிருந்தாள். நான் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். தற்செயலாக நிமிர்ந்தேன். அயன்பொக்ஸ். ஒரு பக்கம் அகலம். மறுபக்கம் கூர்.

பேப்பரை மடித்து வைத்தேன்.

"சுபோ, முந்தியும் இந்த மேசையில மினுக்கினீரோ?"

"ஒருக்கா. அக்கா வாறா எண்டு அந்த லேஸ் விரிப்பை மினுக்கினனான். இடையில போன் அடிச்சது. பதறிப்போய் அயன்பொக்ஸை அப்பிடியே மேசையில வைச்சிட்டு ஓடினனான்."

"ஆர் போனில?"

"அக்காதான்."

"என்னவாம்?"

"மேசை எப்பிடி எண்டு கேட்டா."

"இதை ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"சொன்னால் அக்காவிட்ட என்ன சொல்லியிருப்பியள்? 'நான் இல்லை அக்கா, சுபோதான்' எண்டிருப்பியள்."

இருப்பேன். அதனால் அடுத்த கேள்விக்குத் தாவினேன்.

"ரிம்ஸானுக்குத் தெரியுமோ?"

"அந்தப் பிள்ளைக்குச் சாம்பிராணிக்கு முதல்நாளே காட்டிப்போட்டன். பாவம், உங்களுக்கு முன்னால சிரிக்காமல் இருக்கத்தான் சரியாக் கஷ்டப்பட்டதாம்." அவள் சேட்டின் கொலரை மடித்து அழுத்தினாள். "உண்மையில பயந்தது நான்தான். முப்பத்தொரு வருசம் நெருப்பு விசாரிச்ச மனிசன். மேசை கருகேக்க மேல கிடந்த விரிப்பு ஏன் கருகேல்லை எண்டு ஒருக்கா யோசிச்சால் என்ர கதை முடிஞ்சுது எண்டு, கொட்டாஞ்சேனையில பச்சைத் தண்ணிகூடக் குடிக்காமல் இருந்தனான்."

"பிறகு?"

"பிறகென்ன? அங்கிள் மேசையைக் கழட்டிட்டார் எண்டு ரிம்ஸான் போன் எடுத்தான். ரெண்டு தரம் சோறு போட்டுச் சாப்பிட்டனான்."

சேட்டை எடுத்து என்னிடம் நீட்டினாள்.

"இந்தாங்கோ, போடுங்கோ. மூண்டாம் மாடி மாக்ரெட்டின்ர அலுமாரியிலயும் ஏதோ கருகிப்போச்சாம். புருஷன்தான் செய்தவராம். பத்து மணிக்கு நீங்கள் வந்து ஜப்பானைப் பற்றி அவருக்கு விளங்கப்படுத்துவியள் எண்டு சொல்லிப்போட்டன்."

சேட்டு இன்னும் சூடாக இருந்தது. போட்டுக்கொண்டேன்.