ஹாரிஸிடம் மூன்று பிரதிகள் இருந்தன

ஒரு பொருள் தொலைய வேண்டுமானால் அதைச் சும்மா விட்டுவைத்தால் போதாது. "நான் பத்திரமாக வைக்கிறேன்" என்று யாராவது ஒருவர் கிளம்ப வேண்டும். எங்கள் வீட்டில் அப்படிக் கிளம்பியவன் நான். ஆனால் இந்த விஷயத்தில் என்னைவிடப் பெரிய குற்றவாளி ஒருவர் இருந்தார் என்பதையும், அவருக்கு நாங்கள் கேக் வாங்கிக்கொண்டு போனோம் என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்த ஆத்திரம் எனக்கு இன்னும் அடங்கவில்லை.

என் மனைவி ரிஸானா கட்டுகஸ்தோட்டையில் எங்கள் வீட்டு ஹோலிலேயே ஐந்தாம் தரப் பிள்ளைகளுக்குப் புலமைப்பரிசில் வகுப்பு நடத்துகிறாள். பாலத்துக்கு இந்தப் பக்கம் அவளை ‘டீச்சர்’ என்றாலே எல்லோருக்கும் தெரியும். என்னை ‘டீச்சர்ட மாப்பிள்ள’ என்றால்தான் தெரியும். அந்த வகுப்பின் உயிரே அவள் தயாரிக்கும் மாதிரி வினாத்தாள்கள்தான். சமையலுக்கும் அஸர் தொழுகைக்கும் இடையில் கிடைக்கும் நேரத்தில் உட்கார்ந்து, வருடக்கணக்காகத் தட்டச்சு செய்து சேர்த்தவை. எல்லாம் எங்கள் கணினியில் ஒரே கோப்புறையில் இருந்தன.

அந்த வினாத்தாள்களில் ஹாரிஸ் என்று ஒருவர் அடிக்கடி வருவார். "ஹாரிஸ் இருபது மாம்பழங்கள் வாங்கினார். வழியில் எட்டைத் தொலைத்தார். மீதி எத்தனை?" "ஹாரிஸ் பேராதனைக்குப் போகும் பஸ்ஸைத் தவறவிட்டார். அடுத்த பஸ் எத்தனை மணிக்கு?" ஹாரிஸ் என்பது என் பெயர். இந்த நாட்டில் தொலைப்பதற்கு வேறு ஆளே இல்லையா என்று பலமுறை ஆட்சேபித்திருக்கிறேன்.

"புள்ளைகளுக்கு வெளங்குற மாதிரி ஒரு உதாரணம் வேணுமே" என்பாள்.

ஒருநாள் அவளுடைய சிநேகிதி ஒருத்தியின் கணினி செத்துப்போய், அதிலிருந்த பாடக் குறிப்புகள் எல்லாம் அதோடு போய்விட்டன. ரிஸானா கலங்கிப்போனாள். "ஏண்ட பேப்பருகளுக்கும் இப்படி ஆனா நான் என்ன செய்ற?" என்றாள். அந்தக் கணத்தில் நான் கதிரையை விட்டு எழுந்து, "அதை என்னிடம் விடு" என்றேன். (எழுந்திருக்கக் கூடாது. உட்கார்ந்து தேத்தண்ணியைக் குடித்திருக்க வேண்டும்.)

முதலில் பென் டிரைவை ஆராய்ந்தேன். அது என் காற்சட்டைப் பையிலேயே இருந்து சலவை இயந்திரத்துக்குள் போய், மிகவும் சுத்தமாகத் திரும்பி வந்தது. அதற்குப் பிறகு அது எதையும் ஞாபகம் வைத்துக்கொள்ளவில்லை. அடுத்து குறுந்தட்டுகளில் பதிந்து அலுமாரியில் வைத்தேன். கண்டியின் ஈரத்தில் அலுமாரிக்குள் வைக்கும் எதற்கும் பூஞ்சணம் பிடிக்கும், என் தட்டுகள் மட்டும் விதிவிலக்கா?

இதற்கிடையில் ரிஸானாவிடம் ஒரு முறை இருந்தது. ஒவ்வொரு வினாத்தாளிலும் ஒரு பிரதியை அச்செடுத்து, கட்டிலுக்குக் கீழே ஒரு பெட்டியில் அடுக்கி வைத்திருந்தாள். நான் சிரித்தேன். கடதாசியை நம்பி இருப்பது எந்தக் காலத்துப் பழக்கம் என்று கேட்டேன். பிறகு அந்தப் பெட்டியைப் பழைய பேப்பர்காரரிடம் தூக்கிக் கொடுத்தேன்.

கடைசியில் எனக்கு ஏற்ற வழி கிடைத்தது. கணினியோடு எப்போதும் பொருத்தியே இருக்கும் ஒரு ஹார்ட் டிஸ்க், இணையத்தில் ஒரு கிளவுட் கணக்கு, கணினியையும் சேர்த்து மூன்றையும் ஒன்றுபோலவே வைத்திருக்கும் ஒரு மென்பொருள். கணினியில் ஓர் எழுத்தை மாற்றினால் மற்ற இரண்டிலும் அது தானாகவே மாறிவிடும். "மூன்று பிரதி! வீடு எரிந்தாலும் கவலையில்லை!" என்று வீட்டில் சொன்னேன். அது போதாமல், ஒரு வலீமா கல்யாண விருந்தில் ஒரே சஹன் தட்டைச் சுற்றி உட்கார்ந்திருந்த மூன்று பேருக்கும் அதை விளக்கினேன். அவர்கள் சாப்பிட்டுக்கொண்டே கேட்டார்கள். நான் விளக்கி முடித்தபோது சஹனில் இறைச்சி இருக்கவில்லை.

சில மாதங்களில் கணினி மெதுவாகிவிட்டது. இடம் போதவில்லை என்று முறைப்பாடு செய்தது. நான் யோசித்தேன். வினாத்தாள்கள்தான் வேறு இரண்டு இடங்களில் பத்திரமாக இருக்கின்றனவே, இங்கே எதற்கு? அந்தக் கோப்புறையை அழித்தேன். நான் சுத்தத்தில் கண்டிப்பானவன் என்பதால் கணினியின் குப்பைத்தொட்டியையும் காலி செய்தேன். கிளவுட்டும் தன் குப்பைத்தொட்டி நிரம்பியிருப்பதாகச் சொன்னது. அதற்குள் என்ன இருக்கிறது என்று பார்க்காமலே அதையும் காலி செய்தேன். கிடைத்த இடத்தில் என் தங்கையின் கல்யாண வீடியோவை ஏற்றினேன். மூன்று இடத்திலும் ஏறியது.

என் வீட்டில் நான் சொல்லும் எதையும் யாரும் முதல் தடவையில் செய்வதில்லை. மின்விசிறியை நிறுத்துங்கள் என்றால் நிறுத்த மாட்டார்கள், செருப்பை வெளியே கழற்றுங்கள் என்றால் கழற்ற மாட்டார்கள். இந்த மென்பொருள் மட்டும் நான் வாயைத் திறக்கும் முன்பே கீழ்ப்படிந்துவிட்டது. "இவன் இங்கே அழித்தானா, அப்படியானால் அங்கேயும் அழிப்போம்." இதற்குப் பெயர் பாதுகாப்பாம்!

பரீட்சை நெருங்கியது. சனிக்கிழமை மீட்டல் வகுப்பு தொடங்க வேண்டும். வெள்ளிக்கிழமை காலையில் ரிஸானா கணினியின் முன் உட்கார்ந்தாள்.

"இங்க பாருங்க, ஏண்ட பேப்பருகள் எங்க?"

"ஹார்ட் டிஸ்கில் பார்."

"அதில தங்கச்சிட கல்யாணந்தான் ஈக்குது."

"அப்படியானால் கிளவுட்டில்."

"அதிலயும் கல்யாணந்தான்."

மூன்று பிரதி கல்யாணம்.

ஹார்ட் டிஸ்கைத் தூக்கிக்கொண்டு கண்டிக்கு ஓடினேன். அழிந்ததை மீட்டுத் தரும் கடைக்காரர் அதைப் பொருத்திப் பார்த்துவிட்டு, "மேல வேற பதிஞ்சிட்டீங்களே" என்று மட்டும் சொன்னார். திரும்பி வரும் வழியில் பஸ் நிலையத்தில் கடலை வாங்கினேன். பசியால் அல்ல. கடலைச் சுருள்களைப் பழைய பரீட்சைத் தாள்களில்தான் சுற்றுவார்கள் என்பதால். பிரித்துப் பார்த்தேன். வேறு யாரோ ஒரு பிள்ளையின் வரலாற்று விடை, அதுவும் பிழை.

ரிஸானா ஏசவில்லை. ஏசியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். ஹோலில் பிள்ளைகளின் சின்னக் கதிரை ஒன்றில் உட்கார்ந்து, வெறும் கரும்பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அத்தனை வருட உழைப்பு அது. எனக்கு உண்மையிலேயே பயமாகவும் வெட்கமாகவும் இருந்தது.

பிறகு அவள் தாய்மாரின் வாட்ஸ்அப் குழுவில், பழைய வினாத்தாள்கள் இருந்தால் அனுப்பும்படி கேட்டாள். வந்தன. கோணலாக எடுத்த படங்கள், பாதி விரல், ஒன்றில் பருப்புக் கறி. படிக்கத்தக்கதாக எதுவும் இல்லை. கடைசியாக ஒரு தாயிடமிருந்து குரல் பதிவு வந்தது: "டீச்சர், எங்கட ராத்தாட மகள் மடவளையில நவ்ஷாத் சேர்ட கிளாஸுக்குப் போற. அவர்ட பேப்பரும் ஒங்கட மாதிரியே ஈக்குது. ஒண்டு அனுப்பி வுடுறேன், பாருங்க."

திறந்தோம். பளிச்சென்ற வினாத்தாள். தலைப்பில் பெரிய எழுத்தில் ‘நவ்ஷாத் சேரின் வெற்றி வழிகாட்டி’. ஏழாவது கேள்வி: "ஹாரிஸ் இருபது மாம்பழங்கள் வாங்கினார். வழியில் எட்டைத் தொலைத்தார்."

எனக்குத் தலை கொதித்தது. "கள்ளன்! இப்பவே போறேன்! பொலிஸுக்குப் போறேன்! பள்ளிவாசல் நிர்வாகத்துக்குப் போறேன்!" என்று ஹோலில் முன்னும் பின்னும் நடந்தேன். ரிஸானா என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"களவெடுத்தவர்கிட்ட பத்திரமா ஈக்குது. பத்திரமா வெச்சவர்கிட்டதான் இல்ல" என்றாள்.

நான் நடப்பதை நிறுத்தினேன்.

அன்று பின்னேரமே மடவளைக்குப் பஸ் ஏறினோம். முதன்முதலாக ஒரு வீட்டுக்குப் போகும்போது வெறுங்கையோடு போகக் கூடாது என்று, ரிஸானா வழியில் இறங்கிக் கேக் வாங்கினாள். நம்மிடம் களவெடுத்தவனுக்கு நாம் கேக் வாங்குவதா என்று கேட்டேன். "வாயத் தெறக்காம வரணும்" என்றாள். கேக் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, ஆட்டத்தில் கிரீம் கலையாமல் அதைப் பாதுகாத்துக்கொண்டு நான் போனேன். வாழ்க்கையில் நான் ஒழுங்காகப் பாதுகாத்தது அது ஒன்றுதான்.

நவ்ஷாத் சேர் வெட்கப்படுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் முகம் மலர்ந்து எழுந்து வந்தார். "அஸ்ஸலாமு அலைக்கும்! வாங்க டீச்சர், வாங்க நானா, இருங்க! டீச்சர்ட பேப்பர் மாதிரி இந்தப் பக்கத்தில யாருக்கும் செய்ய ஏலாது! ஒங்கட புள்ளைகள்கிட்ட வாங்கி, ஒண்டு விடாம டைப் அடிச்சு வெச்சீக்கிறேன்!" என்றார். களவு கொடுத்தவர்களை இவ்வளவு அன்போடு வரவேற்கும் ஒருவரை நான் கண்டதில்லை. இஞ்சித் தேத்தண்ணி வந்தது. நாங்கள் கொண்டுபோன கேக்கையே வெட்டி எங்களுக்குத் தந்தார்.

கணினியைத் திறந்தார். எல்லாம் இருந்தன. வருடவாரியாக, பாடவாரியாக, ரிஸானாவே ஒருபோதும் அடுக்காத ஒழுங்கில். ரிஸானாவுக்குக் கண் கலங்கிவிட்டது. அந்த மனிதர் என் பக்கம் திரும்பி, மிகுந்த அனுதாபத்தோடு கேட்டார்:

"ஏன் நானா, நீங்க பேக்கப் எடுக்கல்லியா?"

நான் கேக்கை விழுங்கினேன். நடந்ததை ரிஸானாவே சொன்னாள்.

"எப்பவும் கொழுவியே வெச்சா சரிவராது நானா. இங்க அழிஞ்சா அங்கயும் அழிஞ்சிடும். பதிஞ்சிட்டு கழட்டி வேற வீட்டில குடுத்துடணும். நான் டீச்சர்ட பேப்பருகள ஏண்ட தம்பிட வீட்டிலயும் ஒரு டிஸ்க்ல போட்டு வெச்சீக்கிறேன். நெருப்புப் பத்தினா?"

என் மனைவியின் சொத்துக்கு நெருப்பு பற்றிவிடுமே என்று இவர் கவலைப்படுகிறார்! எனக்கு வாய் துடித்தது. ரிஸானா மேசைக்குக் கீழே என் காலை மிதித்தாள். புறப்படும்போது வாசலில் வைத்து அவர் கேட்டதை என் எதிரிக்கும் சொல்ல மாட்டேன் என்றிருந்தேன், ஆனாலும் சொல்கிறேன்: "டீச்சர், இந்த வருஷத்துப் பேப்பர் எப்ப வரும்?"

சனிக்கிழமை வகுப்பு நடந்தது. அன்றிலிருந்து ரிஸானா எந்த வினாத்தாளை முடித்தாலும் முதல் பிரதி மடவளைக்குப் போகிறது. தலைப்புக்குக் கீழே அவளுடைய பெயரையும் போட வேண்டும் என்று நிபந்தனை. போடுகிறார், சிறிய எழுத்தில். எங்கள் வீட்டில் நகைப்பெட்டியோ காணி உறுதியோ எதை எங்கே வைப்பது என்று பேச்சு வந்தாலும், "நவ்ஷாத் சேர்கிட்ட குடுப்போமா?" என்று யாராவது கேட்பார்கள். எல்லோரும் சிரிப்பார்கள். நான் சிரிப்பதில்லை.

அது கூடப் பரவாயில்லை. அந்த வருடப் புதிய வினாத்தாளில் ரிஸானா ஒரு கேள்வி சேர்த்தாள். மற்ற எதையும் மாற்றாதவர் இதை மட்டும் மாற்றுவாரா? எழுத்துக்கு எழுத்து அப்படியே போட்டார். இன்று பாலத்துக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் எல்லாப் பிள்ளைகளும் அதைச் செய்கிறார்கள். போன மாதம் ஒரு கல்யாண வீட்டில் முன்பின் தெரியாத ஒரு சிறுமி என் பெயரைக் கேட்டாள். ஹாரிஸ் என்றேன். அவள் தாயின் பக்கம் திரும்பி, "உம்மா, பூச்சியம்!" என்று கத்தினாள்.

கேள்வி இதுதான்: "ஹாரிஸிடம் மூன்று பிரதிகள் இருந்தன. அவர் ஒன்றை அழித்தார். மீதி எத்தனை?"