கை நனைக்காத தூதர்

முப்பது வருடம் வெளியுறவுத் துறையில் குப்பை கொட்டியவன் நான். எல்லையில் சுட்டுக்கொண்டிருந்த இரண்டு நாட்டுக்காரர்களை ஒரே மேஜையில் உட்கார வைத்திருக்கிறேன். (உட்கார்ந்தார்கள், பேசினார்களா என்று கேட்காதீர்கள்.) நான் நிஜமாகவே மூக்குடைபட்டது சிதம்பரத்தில், ஒரு வாழை இலைக்கு முன்னால்.

கடலூர் செம்மண்டலத்தில் இருக்கும் என் தங்கை மல்லிகாவின் மகன் பிரபுவுக்குச் சிதம்பரத்தில் பெண் பார்த்திருந்தார்கள். பையனும் பெண்ணும் உருகிக்கொண்டிருக்க, கல்யாணத்தைக் கடலூரில் வைப்பதா, சிதம்பரத்தில் வைப்பதா என்று பெரியவர்களுக்குள் முட்டல். விடுமுறையில் வந்த நான் சும்மா இருந்திருக்கலாம்.

"நான் போய்ப் பேசறேன். ரெண்டு பக்கத்துக்கும் நடுநிலையா" என்றேன்.

"நீ பையனோட தாய்மாமன், அண்ணே!" என்றாள் மல்லிகா.

அதை நான் பொருட்படுத்தவில்லை. ஃபைலோடு பஸ் ஏறினேன்.

பெண்ணின் அப்பாவிடம் என் சமரசத் திட்டத்தை விரித்தேன். கல்யாணம் வடலூரில். இரண்டு வீட்டுக்கும் அங்கே ஒரு சொந்தக்காரர்கூடக் கிடையாது. அதுதான் அந்த ஊரின் சிறப்பு என்று அரை மணி நேரம் விளக்கினேன்.

மனிதர் மிரண்டுவிட்டார். "வடலூர்லாம் வாணாம் சார். கடலூர்லயே வச்சுக்கலாம், நாங்க விட்டுக்குடுத்துட்டோம். மொதல்ல சாப்புடுங்க."

இலை போட்டார்கள். கேசரி, வடை, ஆவி பறக்கும் இட்லி. பிரச்சினை அங்கேயே முடிந்துவிட்டது. ஆனால் ஒப்பந்தத்தை மறுதரப்பு ஏற்கும்வரை எந்தத் தரப்பிலும் சாப்பிடுவதில்லை என்பது என் தொழில் ஒழுக்கம். கையை உயர்த்தி, "முடிவு தெரியற வரைக்கும் நான் இங்க கை நனைக்கிறதா இல்ல" என்று கம்பீரமாகச் சொன்னேன்.

பெண்ணின் அம்மா கேசரிக் கரண்டியோடு அப்படியே நின்றார். ஆஹா, நம் நேர்மையைக் கண்டு திகைத்துவிட்டார்கள் என்று நினைத்தேன். (அட மடையா!)

பஸ் ஸ்டாண்டில் போன் அடித்தது. மல்லிகா அழுதுகொண்டிருந்தாள். "இன்னாண்ணே பண்ணிட்டு வந்த? பொண்ணு வூட்ல தாய்மாமனே கை நனைக்காம எந்திரிச்சா, சம்பந்தம் வாணாம்னுதானே அர்த்தம்? நாம வச்ச நிச்சயத் தட்டத் திருப்பி அனுப்பறாங்களாம்!"

கடலூரில் பிறந்தவனுக்கு இது தெரியாமலா இருக்கும்? தெரியும். முப்பது வருடத்தில் மறந்திருந்தது. அவமானத்தில் காது சுட்டது. ஒரு ஆட்டோவை மடக்கி, வந்த வழியே திரும்பினேன்.

வாசலில் மணப்பெண்ணே நின்றாள். கண் சிவந்திருந்தது. "மாமா, ஒண்ணும் பேசாதீங்க. சாப்புடுங்க. எனக்குக் கல்யாணம் ஆவணும்."

சாப்பிட்டேன். அக்கம்பக்கத்து வீட்டுக்காரர்களைச் சாட்சிக்குக் கூப்பிட்டு உட்கார வைத்திருந்தார்கள். பெண்ணின் அம்மா இட்லியை வைத்துக்கொண்டே இருந்தார். பதினோராவது இட்லியில்தான் அவர் முகத்தில் லேசாகச் சிரிப்பு தெரிந்தது. பதினான்காவதில் சம்பந்தம் உறுதியானது.

கல்யாணம் சிதம்பரத்திலேயே நடந்தது. நான் செய்த காரியத்துக்கு நஷ்ட ஈடாக எங்கள் பக்கம் விட்டுக்கொடுத்தது.

போன மாதம் வெளிநாட்டில் ஒரு சமாதானப் பேச்சுவார்த்தையில் நான் இருந்ததை டிவியில் காட்டினார்களாம். உடனே மல்லிகா போன் செய்தாள். எந்த நாடு, என்ன சண்டை என்றெல்லாம் அவள் கேட்கவில்லை.

"அண்ணே, அவுங்க குடுத்தத சாப்ட்டியா?"

"சாப்ட்டேன்."

"அப்ப சண்ட வராது" என்று போனை வைத்துவிட்டாள்.