கேத்தில் அக்காவும் எரேமியாவின் காணியும்

இறைவாக்கினர் எரேமியாவே நேரில் எழுந்து வந்திருந்தாலும், அடுப்பில் தேநீர்க் கேத்தில் கொதிக்கும்வரை அவரை வாய் திறக்க விட்டிருக்க மாட்டார் எங்கள் கேத்தில் அக்கா.

அக்கராயனில் தேநீர்க்கடை வைத்திருப்பவர். ஞாயிறு பூசை முடிந்ததும் இளைஞர் குழுவான நாங்கள் ஏழெட்டுப் பேர் கடையின் பின்பக்கம் கூடி விவிலியத்தின் இறைவாக்கினர் நூல்களை வாசிப்போம். நடத்துவது அக்கா. ஒருவர் வாசித்து முடித்ததும் கேத்திலை அடுப்பில் ஏற்றுவார். அது கொதிக்கும்வரை எல்லோரும் வாயை மூடிக்கொண்டு வாசித்ததை யோசிக்க வேண்டும். பிறகு அவரவர் மனதில் பட்டதைச் சொல்லலாம். பிரசங்கம் வைத்தால் தேநீருக்குச் சீனி கிடையாது. ஒருமுறை மாரி மழையில் விறகு நனைந்துபோய், ஆமோஸ் நூலுக்காக நாங்கள் மௌனம் காத்த நேரத்தில் ஒரு வயலையே உழுது முடித்திருக்கலாம்.

ஒருநாள் பங்குத்தந்தை வந்து, "அன்பான பிள்ளைகளே, இந்தப் பகுதி எங்களுக்கு உணர்த்துவது என்னவென்றால்..." என்று தொடங்கினார். அக்கா தேநீரை நீட்டினார்.

"குறை நினையாதேங்கோ பாதர், உங்களுக்கும் சீனி இல்லை."

பாவம் மனிதர், சீனியில்லாமலே குடித்தார்.

போன ஐப்பசியில் எங்கள் குழுவில் இருந்த ரெஜி, வயலை விற்று வெளிநாடு போகத் தீர்மானித்திருந்தான். தாய் அழுதுபார்த்து ஓய்ந்துவிட்டார். வாங்குகிறவர் மறுநாள் வருவதாக இருந்தது. அன்று பார்த்து, எரேமியா காணி வாங்கும் பகுதி வந்தது. நகரத்தைப் பகைவர் சூழ்ந்து நிற்கிறார்கள். அவரோ சிறைக் காவலில் இருந்துகொண்டே வயல் வாங்குகிறார். ரெஜி அக்காவை முறைத்தான். போன கிழமை விட்ட இடம் இதுதான் என்று அக்கா பக்கத்தைக் காட்டினார்.

கேத்தில் முனகத் தொடங்கியது. ரெஜி குனிந்த தலை நிமிரவில்லை. அக்கா அவனை ஒருமுறை பார்த்தார்; கொதிக்கப் போன கேத்திலுக்குள் ஒரு செம்பு பச்சைத் தண்ணீரை ஊற்றினார். சற்று நேரத்தில் இன்னொரு செம்பு. தேநீருக்குக் காத்திருந்த எங்களுக்கு நாக்கு வறண்டது.

ஒருவழியாகக் கொதித்ததும் ரெஜிதான் முதலில் பேசினான். "அந்தாளுக்கு விசர் அக்கா. சுத்திவரச் சண்டை நடக்கேக்க ஆர் காணி வாங்குவான்?"

"குளத்துக்குக் கிட்டவா இருந்திருக்கும்," என்றாள் மேரி.

"காணி உறுதிப் பத்திரம் சரியோ எண்டு பாத்தவரோ?" என்றேன் நான்.

வயல்காரரின் பிள்ளைகளிடம் காணிக் கதை அகப்பட்டால் விடுவோமா? எரேமியாவுக்கு வாய்க்கால் வெட்டும் அளவுக்குப் போய்விட்டோம். ரெஜியும் சிரித்துவிட்டான். பிறகு மெல்லச் சொன்னான்:

"எங்கட அம்மாவும் இப்பிடித்தான். சண்டையில இடம்பெயர்ந்து முகாமில இருக்கேக்கயே, திரும்பிப் போய் எந்தப் பக்கம் முதல் விதைக்கிறது எண்டு கதைச்சுக்கொண்டிருப்பா. அவாக்கு விசர் எண்டு நாங்கள் சிரிச்சனாங்கள்." அக்கா பக்கம் திரும்பினான். "நான் விக்கமாட்டன் அக்கா."

எனக்கு அழுகை வந்துவிட்டது. பிரசங்கம் வைக்க இதைவிட நல்ல சந்தர்ப்பம் எந்தக் குருவுக்கும் கிடைத்திராது. அக்கா சீலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டு கேட்டார்:

"விதைநெல்லு இருக்கோடா?"

"இல்லை அக்கா."

"பின்னேரம் வந்து என்னட்ட எடு."

ரெஜியின் வயல் இப்போது கதிர் உள்ளே திரளும் குடலைப் பருவத்தில் நிற்கிறது. அந்த வரம்பால் போகும்போதெல்லாம், அக்கா நூறு வயது இருக்க வேண்டும் என்று கடவுளிடம் கேட்டுக்கொள்கிறேன்.