குப்பைக்குக் காய்ச்சல் பார்த்தவர்

ஓசூரில் மனிதருக்கு வைத்தியம் பார்த்தவர்கள் பலர் உண்டு. மாட்டுக்குப் பார்த்தவர்களும் உண்டு. குப்பைக்குக் காய்ச்சல் பார்த்த டாக்டர் ஒரே ஒருவர்தான். அவர் எங்கள் லைன் வீட்டில் கடைசி அறையில் தனியாகக் குடியிருந்தார். சொந்தப் பெயர் ரேஷன் கார்டில் மட்டும் இருந்தது. நாங்கள் கூப்பிட்டது ‘குப்பை டாக்டர்’.

எண்பதுகளின் நடுவில் என்று வைத்துக்கொள்ளுங்கள். கம்பெனிகள் புதிது புதிதாக வந்துகொண்டிருந்த சமயம். எங்கள் லைனில் பத்து வீடு. வீட்டுக்கு ஒரு வாசல்தான், பின்கதவு கிடையாது. அந்த வாசலை ஒட்டி ஆளுக்கொரு குவியல். ஓசூர்க் குளிருக்கு வெந்நீர் இல்லாமல் ஆகாது. அதனால் ஷிப்ட் முடிந்து வரும் ஆண்கள், கம்பெனியில் கழித்துப்போட்ட பெட்டிப் பலகை, வைக்கோல், மெஷின் துடைத்த எண்ணெய்ப் பஞ்சு எல்லாவற்றையும் அடுப்பெரிக்கக் கட்டிக்கொண்டு வருவார்கள். எங்க வீட்டுக்காரர் பேக்கிங் பிரிவு. எங்கள் குவியல்தான் லைனிலேயே உயரம். எனக்கு அதில் கொஞ்சம் பெருமைகூட உண்டு. காலையில் அடுப்புச் சாம்பலை வாரி அதே குவியல் மேல் கொட்டுவோம். எண்ணெய் நாற்றம் அடங்கும், நாய் கிளறாது என்று ஒரு நம்பிக்கை.

டாக்டர் பெயிண்ட் பிரிவில் வேலை பார்த்தவர். அங்கே மூலையில் கிடந்த எண்ணெய்ப் பஞ்சு, யாரும் தீ வைக்காமலே பற்றிக்கொண்டதைக் கண்ணால் பார்த்தாராம். அன்றிலிருந்து தினமும் இரண்டு வேளை கையில் வாளித் தண்ணீரோடு ரவுண்ட்ஸ் வருவார். சட்டைக் கையைச் சுருட்டி, முழங்கை வரை குவியலுக்குள் விட்டு, கண்ணை மூடிக்கொள்வார்.

“ஒண்ணும் இல்லீங்க. நார்மல்.”

அடுத்த வீட்டில், “லேசா இருக்குதுங்க. சாயங்காலம் வந்து பாக்கறேன்.”

அதற்கடுத்த வீட்டில் வாளி கவிழும். பலகையெல்லாம் நனைந்துபோக, அந்த வீட்டு ஆள் மறுநாள் பச்சைத் தண்ணீரில் குளித்துவிட்டு, கம்பெனி பஸ் வரும்வரை நடுங்கிக்கொண்டே திட்டுவார்.

எனக்கு ஆண்களோடு பேசவே கூச்சம். டாக்டர் கையை வெளியே எடுத்து என்னைப் பார்க்கும்போது தலையை மட்டும் ஆட்டுவேன். எதற்கு ஆட்டினேன் என்று எனக்கே தெரியாது.

அவர் பேரைக் கெடுத்தது ஒரு கோழி. நான்காவது வீட்டில் ஜெயம்மா என்ற கன்னடக்காரம்மா இருந்தார். அந்தம்மாவின் குவியலில் கையை விட்டதும் டாக்டரின் முகம் மாறிவிட்டது. “நல்ல சூடுங்க இது. எல்லாரும் தள்ளிக்குங்க” என்று வாளியைக் கவிழ்த்தார். உள்ளே அடைகாத்துக்கொண்டிருந்த கோழி சொட்டச் சொட்ட எழுந்து, அவர் தலைமேல் ஏறி இறங்கி, லைன் முழுக்கக் கத்திக்கொண்டு ஓடியது.

“ஏன்றீ டாக்டரே, நம் கோளிகெ ஜ்வரானா?” என்றார் ஜெயம்மா, எங்கள் கோழிக்குக் காய்ச்சலா என்று.

லைன் ஒரு வாரம் சிரித்தது. பதினொரு முட்டையில் ஒன்றுகூடப் பொரிக்கவில்லை என்று தெரிந்ததும் சிரிப்பு சண்டையாகிவிட்டது. முதலில் வாயைத் திறந்தவர் எங்க வீட்டுக்காரர்தான்.

“இனிமே எங்க வாசல்ல கை வெச்சா நல்லா இருக்காது, சொல்லிட்டேன்.”

“கை வெக்கல தம்பி. சாம்பலையாவது கொட்டாதீங்க. கொழந்த இருக்கிற வீடு.”

“போங்க, போயி கோழிக்கு மருந்து குடுங்க.”

அதற்குப் பிறகு டாக்டர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு எங்கள் வாசல்களைத் தாண்டிப் போவார். அந்தக் கைகள் ஒன்றையொன்று இறுக்கிப் பிடித்திருக்கும்.

ஆடிக் காற்று வீசிய ஒரு நாள். பகல் பதினொரு மணி இருக்கும். குழந்தை உள்ளே தூளியில் தூங்கிக்கொண்டிருந்தாள். குழாயடியில் துணி அலசிவிட்டு வந்தேன். குவியலிலிருந்து கரிந்த வாடை வந்தது. புகை இல்லை. கையை விட்டேன், சுரீரென்றது. செகண்ட் ஷிப்டுக்குக் கிளம்பிய டாக்டர் அப்போது தாண்டிப் போய்க்கொண்டிருந்தார். வாயைத் திறந்தேன், சத்தம் வரவில்லை. இன்னும் நாலு அடி போய்விட்டார்.

“டாக்டரே, எங்க குப்பையக் கொஞ்சம் பாருங்க.”

அவர் திரும்பினார். “தம்பி திட்டுவாருங்களே.”

“திட்டட்டுங்க.”

கையை உள்ளே விட்டார். இந்தத் தடவை கண்ணை மூடவில்லை. “மொதல்ல பாப்பாவத் தூக்கிட்டு வெளிய வாங்க” என்றார்.

குழந்தையோடு நான் வாசலைத் தாண்டியதும் குவியலைக் கிளறி இழுத்தார். காற்றுப் பட்டதும் குப்பென்று எழுந்த நெருப்பு நேராகக் கதவைப் பிடித்தது. எரியும் பஞ்சு அவர் வலது கையில் ஒட்டிக்கொண்டது. அதை உதறிவிட்டு, மிச்சத்தையும் காலாலேயே தெருவுக்குத் தள்ளினார். ஜெயம்மா குடம் குடமாகக் கொண்டுவந்து ஊற்றினார். கதவு பாதி கரிந்துவிட்டது. அந்தக் கதவை விட்டால் எங்களுக்கு வேறு வழியே கிடையாது.

அன்று காலை, தணல் அவிந்ததா என்று பார்க்காமல் சாம்பலைக் கொட்டியது நான்தான். எங்க வீட்டுக்காரர் அதைக் கேட்கவேயில்லை. ஷிப்ட் முடிந்து வந்தவர் கரிந்த கதவைத் தடவிப் பார்த்தார். மறுநாள் பத்து வீட்டுக் குவியலும் தெருவுக்கு அந்தப் பக்கம் போயின.

டாக்டரின் கைக்கட்டை அவிழ்க்க ஒரு மாதம் ஆனது. அதுவரை எங்கள் வீட்டில்தான் சாப்பாடு. இடது கையால் அவருக்குக் களி பிட்டுச் சாப்பிட வரவில்லை. எங்க வீட்டுக்காரர் எதிரே குத்துக்காலிட்டு உட்கார்ந்து, பிட்டுப் பிட்டுக் குழம்பில் தோய்த்து நீட்டுவார்.

“வாயத் தொறங்கண்ணா.”

“சூடு ஜாஸ்தி தம்பி.”

எங்க வீட்டுக்காரர் அதை ஊதி ஊதிக் கொடுப்பார். நான் பார்க்காத மாதிரி அடுப்புப் பக்கம் திரும்பிக்கொள்வேன்.