நடிப்பு நோயாளியின் தன்னிலை விளக்கம்

பார்மசி கல்லூரி முதல்வர் அம்மா அவர்களுக்கு,

வணக்கம். தாங்களும் கல்லூரியும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நானும் என் ரத்த அழுத்தமும் ஒருவாறு இருக்கிறோம்.

தடுப்பூசிக்குத் தயங்குபவர்களிடம் எப்படிப் பேசுவது என்று உங்கள் மாணவர்களுக்குச் சொல்லித்தரும் வகுப்பில், தயங்கும் நோயாளியாக நடிக்கவும், வகுப்பு முடிவில் தேர்வு வைத்து மதிப்பெண் போடவும் என்னைக் கூப்பிட்டீர்கள். நான் ஓய்வுபெற்ற டிக்கெட் பரிசோதகன். யார் சொல்வதையும் நம்பாமல் இருப்பதற்கே சம்பளம் வாங்கியவன். இப்போது, தேர்வில் ஒருவரையும் ஏன் தேற விடவில்லை என்று விளக்கம் கேட்கிறீர்கள்.

என்னிடம் கொடுத்த அட்டையில், "நிமோனியா தடுப்பூசி போட்டால் காய்ச்சல் வருமோ என்று பயம். மாணவர் காதுகொடுத்துக் கேட்டால் சம்மதிக்கவும்" என்று இருந்தது. முதலில் வந்த பையன் புள்ளிவிவரத்தைக் கிளிப்பிள்ளையாக ஒப்பித்தான். "லட்சத்துல ஒருத்தருக்குத்தான் சார் பிரச்சினை வரும்." "அந்த ஒருத்தன் எங்க வீட்டு விலாசத்துலதான் இருப்பான்" என்றேன். அடுத்தவன் விடாக்கண்டன், நான் கொடாக்கண்டன். மணியடித்தும் இரண்டு பேரும் எழுந்திருக்கவில்லை. அதற்கடுத்த பெண் "உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்" என்று அப்படியே என் மனைவியின் குரலில் ஆரம்பித்தாள். பழக்க தோஷம், அதற்குமேல் எதுவும் என் காதில் விழவில்லை.

கடைசியாக வந்த பெண்ணைப் பற்றித்தான் உங்கள் கவலை. அவள் தேறாவிட்டால் ஒரு வருடம் வீண், கிடைத்த வேலையும் போய்விடும் என்கிறீர்கள். எனக்கும் வருத்தம்தான். ஆனால் ஊசி போட்டுக்கொள்ள அவள் ஒரு காரணமும் சொல்லவில்லையே! நாற்காலியைப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டு, "எதுக்கு சார் பயம்?" என்றாள். நான் அட்டையை மறந்துவிட்டேன். முன்பொரு தடவை ஊசி போட்டுக்கொண்டு வரிசையிலேயே மயங்கி விழுந்ததையும், சுற்றி நின்றவர்கள் சிரித்ததையும், அதற்குப் பிறகு எந்த ஊசியும் போட்டுக்கொள்ளாததையும் உளறிக் கொட்டினேன்.

"அன்னைக்குக் கூட யாரு இருந்தா?"

"ஒருத்தரும் இல்ல."

"போட்டுக்கலாம்னு தோணுற அன்னைக்கு என்னைக் கூப்பிடுங்க, பக்கத்துல நிக்கிறேன். அங்க வந்து வேணாம்னு தோணுச்சுன்னா திரும்பிப் போயிடலாம்."

"அதெல்லாம் வேணாம்மா" என்று சொல்லிவிட்டேன். நோயாளி சம்மதிக்கவில்லை; ஆகவே பூஜ்யம். அட்டையில் இல்லாததை நான் பேசியதுதான் தவறு என்று அவளுடைய ஆசிரியை வாதாடுகிறார். டிக்கெட் இல்லாதவர் எத்தனை நல்லவரானாலும் அபராதம் அபராதம்தான். மதிப்பெண்ணை மாற்றுவதற்கில்லை.

தங்கள் மாணவர்கள் அனைவரும் கைராசிக்காரர்கள் என்று பெயரெடுக்க வாழ்த்துகிறேன்.

இப்படிக்கு,
நடிப்பு நோயாளி

பி.கு.: இதைக் கொடுக்க வந்தபோது கல்லூரி மருந்தகக் கவுன்ட்டரில் அதே பெண் நின்றாள். "அன்னைக்குச் சொன்னது பரீட்சைக்காகத்தானேம்மா?" என்று சும்மா கேட்டேன். "வாங்க சார்" என்று கவுன்ட்டரை இன்னொருவரிடம் ஒப்படைத்துவிட்டு என்னுடன் ஊசி போடும் அறைக்கு வந்தாள். பூஜ்யம் போட்டவன் நான்தான் என்று அவளுக்குத் தெரியும். ஆனாலும் என் பையை வாங்கி வைத்துக்கொண்டு பக்கத்திலேயே நின்றாள். மயக்கம் வரவில்லை, அழுகைதான் வந்தது. மேலே எழுதியதையெல்லாம் அடித்துவிட்டு அவளுக்கு முழு மதிப்பெண் போடுங்கள். நோயாளி சம்மதித்துவிட்டார்.