யதுஷாவுக்கு ஓர் இடம்

சுதர்ஷினிக்குக் கொழும்பில் நர்ஸ் வேலை கிடைத்த அன்று நான் ஒரு முடிவு எடுத்தேன். போகாதே என்று மட்டும் சொல்லக் கூடாது. சொன்னால் என் மனைவி கட்டாயம் போவாள்.

"தாராளமா போ," என்றேன். "ஆனா அங்க யதுஷாவப் பாத்துக்க அரசாங்கத்துல பதிஞ்ச பராமரிப்பு நிலையம் வேணும். கண்ட எடத்துல எம்புள்ளைய விட மாட்டேன்."

"சரிங்க. நீங்களே தேடுங்க."

இதைத்தான் எதிர்பார்த்தேன். நான் மலையகத்தில், அப்புத்தளை ஸ்டேஷனில் ஆட்டோ ஓட்டுகிறவன். கொழும்பில் மூன்று வயதுப் பிள்ளைக்குப் பதிவுள்ள இடம் தேடி அலைந்து செருப்புத் தேய்ந்த கதையை ஒரு பயணி சொல்லியிருந்தார். இடம் இல்லையென்றால் பயணமும் இல்லை. திட்டம் அவ்வளவுதான்.

மூவரும் ரயில் ஏறினோம். முதல் இடத்தில் பதிவு இல்லை. முகத்தைச் சுளித்து மகிழ்ச்சியை மறைத்தேன். அடுத்ததில் பதிவு இருந்தது, இடம் இல்லை. அதற்கும் அடுத்ததில் இரண்டும் இருந்தன, தமிழ் பேச ஆள் இல்லை. "பசிக்குதுன்னு எப்பிடிச் சொல்லுவா?" என்று மிகுந்த துயரத்தோடு கேட்டேன். மனசுக்குள் பட்டாசு.

தெஹிவளையில் ஜெனீரா என்ற பெண் நடத்திய நிலையத்தில்தான் என் திட்டம் ஆட்டம் கண்டது. பதிவுச் சான்றிதழைச் சுவரில் மாட்டியிருந்தார். நல்ல தமிழ். ஓர் இடமும் காலி. யதுஷா போன வேகத்தில் பொம்மை வீட்டுக்குள் புகுந்துவிட்டாள்.

"சோறு எப்பிடிக் குடுப்பீங்க?" என்றேன்.

"தட்டுல போட்டுக் குடுப்போம்."

"உருட்டித்தான் குடுக்கணும். ஒவ்வொரு உருண்டைக்கும் ஒரு பேர் வைக்கணும். யானை, முயல், ஸ்டேஷன் மாஸ்டர்."

"தூங்க வைக்கிறதுக்கு?"

"முதுகுல தட்டினா முழிச்சிக்குவா. காதத் தடவணும். எடது காது."

ஜெனீரா என் மனைவியைப் பார்த்தார். "இதெல்லாம் வீட்டுல யாரு செய்றது?"

"இவருதாங்க."

"இந்த மாதிரி எங்களால பாக்க ஏலாது," என்றார் அவர், உண்மையாகவே.

திரும்பும் ரயிலில் சுதர்ஷினி, மடியில் படுத்திருந்த யதுஷாவின் இடது காதைத் தடவிப் பார்த்தாள். பிறகு, "நீங்க சொன்னதுதான் சரி. புள்ளைய அங்க விட வேணாம்," என்றாள். வெற்றி. நானுஓயாவில் அவளுக்குச் சூடாக வடை வாங்கிக் கொடுத்தேன்.

தேயிலைத் தோட்டத்து லயத்தில் எங்கள் ஒற்றை அறைக்கு வந்து சேர்ந்ததும் பையை எடுத்து உடுப்பை மடிக்கத் தொடங்கினாள். அவளுடையதை மட்டும்.

"என்ன இது?"

"புள்ளைக்குத்தானே எடம் கெடைக்கல. எனக்கு வேலை கெடச்சிருச்சே."

"அப்ப யதுஷா?"

"உங்களவிட நல்லாப் பாத்துக்க கொழும்புலயே ஆளில்ல. நீங்கதான் தேடிப் பாத்துட்டீங்களே."

கேலியாகத்தான் ஆரம்பித்தாள். பிறகு குரல் இறங்கியது.

"எங்கம்மா கொழுந்தெடுக்கப் போகையில என்னையத் தோட்டத்துப் புள்ளக்காம்பராவுல விட்டுட்டுப் போகும். நாளு முழுக்க வாசலயே பாத்துக்கிட்டுக் கெடப்பேன். எனக்கு எப்பிடித் தூக்கம் வரும்னு யாரும் கேட்டதில்ல. இவளுக்கு நீங்க இருக்கீங்க. அந்தத் தைரியத்துலதான் போறேன். இந்த ஒத்தக் காம்பராவ விட்டு மூணு பேரும் வெளிய வரணும்ல?"

மடித்த சேலையையே மறுபடி பிரித்து மடித்தாள். போகாதே என்று முதலிலேயே சொல்லியிருக்கலாம். அழுதாவது சொல்லியிருக்கலாம்.

அவளை ரயிலேற்றிவிட நானும் யதுஷாவும் போனோம். பனிமூட்டத்துக்குள் கடைசிப் பெட்டி மறையும் வரை யதுஷா கையாட்டினாள். அவள் அழுவாள் என்று பயந்திருந்தேன். அழவில்லை. நான்தான் தூணுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன்.

தேடி வந்து என் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"அழாதீங்கப்பா. உங்களப் பத்திரமா பாத்துக்கச் சொல்லி அம்மா எங்கிட்டதான் சொல்லிட்டுப் போயிருக்கு."